இருக்கைப் புதிரும் ஊவாவின் நிரைகளும்

மனிதர் சிலர், அவர்கள் அமர்வதற்குரிய இடங்கள் சில, யார் எங்கே அமரலாம், யார் அருகே யார் அமரலாகாது என வரையறுக்கும் விதிகள் சில. இம்மூன்றும் ஒருங்கு சேரும்போது இருக்கைப் புதிர் தோன்றுகின்றது. இன்று கைப்பேசித் திரையில் இளைஞரும் முதியவரும் விரும்பி ஆடும் விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. வட்ட மேசையைச் சுற்றி அறுவரை அமர்த்துதல், பேருந்தின் இருக்கைகளில் பயணிகளை நிரப்புதல், வகுப்பறை வாங்குகளில் மாணவரை இருத்துதல் எனப் பல வடிவங்களில் அது வழங்குகின்றது. வங்கிப் பணிக்கும் அரசுப் பணிக்கும் ஆளெடுக்கும் தேர்வுகளிலும் இவ்வகை வினாக்கள் இடம்பெறுதல் வழமையாயிற்று. எனவே பொழுதுபோக்கென்று மட்டும் இதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

கைப்பேசி புதியது, புதிரோ பழையது. அதனை விடுவிக்கும் அறிவுநெறி அதனினும் பழையது. தமிழ் யாப்பிலும் தமிழ் அளவைநூலிலும் அதன் கூறுகள் தெளிவுறக் காணப்படுகின்றன. அன்றியும், மனிதரை இடங்களில் இருத்தும் செயல் தாளிலும் திரையிலும் மட்டும் நிகழ்ந்ததன்று. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில், குறிப்பாக அப்புத்தளையைச் சூழ்ந்த மலைகளில், ஒரு முழுச் சமுதாயமே பிறர் வகுத்த விதிகளின்படி நிரைநிரையாக இருத்தப்பட்டது. புதிரின் வரலாற்றையும் இவ்விருத்தலின் வரலாற்றையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாப்பும் எண்ணிக்கையும்

பொருள்களை வரிசைப்படுத்தும் வகைகளை எண்ணிக் கணக்கிடும் முயற்சி இந்திய மரபில் மிகத் தொன்மையானது. இனிப்பு, புளிப்பு முதலிய அறுசுவைகளையும் தனித்தும் கூட்டியும் நோக்கின் 63 வகை பிறக்கும் எனச் சுசுருதரின் மருத்துவ நூல் கணக்கிட்டுரைக்கின்றது. 1150 ஆம் ஆண்டளவில் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் அங்கபாசம் என்னும் இயல் வரிசை மாற்றங்களுக்கென்றே அமைந்தது. திருமாலின் நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகிய நான்கினையும் மாற்றி மாற்றி அமைப்பின் 24 உருவங்கள் தோன்றும். சிவபெருமானின் பத்துக் கைகளில் பத்துப் பொருள்களை அவ்வாறே அமைப்பின் 3,628,800 உருவங்கள் தோன்றும். பத்து இருக்கைகளில் பத்துப் பேரை அமர்த்தும் வகைகளும் இவ்வெண்ணே என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. கையை இருக்கையாகவும் படைக்கலத்தை ஆளாகவும் கொண்டால் கணக்கு மாறுவதில்லை.

தமிழ் மாணவர் இதனினும் அணுக்கமான சான்றினை யாப்பிலக்கணத்திற் காணலாம். அசை நேர், நிரை என இருவகைப்படும். ஓரசைச்சீர் இரண்டு, ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு. ஒவ்வோரிடம் கூடுந்தோறும் எண்ணிக்கை இரட்டித்தலை இலக்கணம் கற்போர் வாய்பாடுகளாக மனனஞ் செய்கின்றனர். அது கணிதம் என்பதை உணராமலே கற்றுவிடுகின்றனர்.

எண்ணிக்கையோடு நின்றுவிட்டால் அது புதிர் ஆகாது. விதி வேண்டும். வெண்பாவின் இலக்கணத்தை இந்நோக்கில் அணுகின் வியப்பான ஒற்றுமை புலனாகும். மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டும். விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசை வரவேண்டும். இது ‘யார் அருகே யார்’ என்னும் விதி. கனிச்சீர் வெண்பாவினுள் புகலாகாது. இது ‘இன்னார்க்கு இடமில்லை’ என்னும் விதி. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாதல் வேண்டும். இது ‘இவ்விடம் இன்னார்க்கே’ என்னும் விதி. இன்றைய இருக்கைப் புதிர்களில் வரும் குறிப்புகள் அனைத்தும் பெரும்பாலும் இம்மூவகையுள் அடங்குவனவே. வெண்பாவின் ஈற்றடியைத் தந்து மற்றையடிகளைப் பாடுக எனக் கேட்டபோது, புலவர் சொற்களை இருக்கைகளில் அமர்த்தும் புதிரையே விடுவித்தனர் எனலாம். பொருளும் சிறக்க வேண்டும் என்பது அவர்க்கிருந்த மேலதிகச் சுமை.

ஒழிபு என்னும் அளவை

புதிரை விடுவிக்கும் அறிவுநெறிக்கும் தமிழில் பெயருண்டு. மணிமேகலை சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைகள் பத்தெனக் கூறப்படுகின்றன. அவற்றுள் மீட்சி என்பது ஒன்று. போரிட்டோர் இருவருள் இராமன் வென்றான் எனக் கேட்டவன், இராவணன் தோற்றான் என்பதைப் பிறர் கூறாமலே அறிந்துகொள்ளுதல் அதற்கு எடுத்துக்காட்டாகும். சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரின் அளவையியலில் இது ஒழிபு எனப் பெயர் பெறும். வடமொழித் தருக்க நூலார் பாரிசேடம் என்பர். பலவற்றுள் பொருந்தாதனவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியதே உண்மை எனத் துணிதல் இதன் இயல்பு.

இதனோடு இணைந்து இயங்குவது தருக்கம். ‘இவ்வாறு கொண்டால் இன்ன முரண்பாடு நேரும், ஆதலின் இவ்வாறு கொள்ளலாகாது’ எனக் காட்டுவதே நியாய நூலார் கூறும் தருக்கத்தின் சிறப்புப் பொருள். கைப்பேசியில் ஓர் உருவத்தை ஓரிருக்கையில் வைத்துப் பார்த்து, விதி மீறப்படுவது கண்டு திரும்ப எடுக்கும் இளைஞன் செய்வது இதுவே. அவன் அறிந்தோ அறியாமலோ ஒழிபையும் தருக்கத்தையும் கையாள்கின்றான்.

விருந்து மேசையும் ஐந்து வீடுகளும்

ஐரோப்பாவில் இவ்வகைப் புதிர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணிதவியலாளரின் கவனத்தைப் பெற்றன. 1850 இல் தோமஸ் கேர்க்மன் என்பார் பதினைந்து பள்ளிச் சிறுமியர் பற்றிய வினாவை வெளியிட்டார். அவர்கள் நாள்தோறும் மும்மூவராக நடந்து செல்ல வேண்டும். ஏழு நாள்களிலும் எந்த இருவரும் ஒரே அணியில் இருமுறை சேரலாகாது. 1891 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா விருந்து மேசை வினாவைத் தம் எண்கோட்பாட்டு நூலில் எழுப்பினார். தம்பதியர் சிலர் வட்ட மேசையைச் சுற்றி அமர வேண்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இருத்தல் வேண்டும். எவரும் தம் துணையருகே அமரலாகாது. தம்பதியர் நால்வகையாயின் 96 முறையிலும், ஐவகையாயின் 3,120 முறையிலும் அமரலாம். பத்துப் பேர் விதியின்றி அமரும் வகை 3,628,800 என முன்னர்க் கண்டோம். விதிகள் அவற்றுள் எத்துணை மிகுதியை விலக்கிவிடுகின்றன என்பது இதனால் விளங்கும்.

இவ்வினாவின் பொதுச் சூத்திரத்தை 1934 இல் துஷார் என்பார் நிறுவலின்றி வெளியிட்டார். 1943 இல் கப்லான்ஸ்கி அதனை நிறுவினார். 1986 இல் போகார்ட், டோயில் என்னும் அமெரிக்கக் கணிதவியலாளர் இருவர் வேறொரு கருத்தினை முன்வைத்தனர். மகளிரை முதலில் அமர்த்திவிட்டுப் பின்னர் ஆடவரை அமர்த்துதல் என்னும் நாகரிக மரபினைக் கணக்கிலும் பின்பற்றியமையே இத்தனை காலம் வினாவைக் கடினமாக்கியது என்றும், இருபாலாரையும் ஒருங்கே கருதின் விடை எளிதிற் கிட்டும் என்றும் அவர்கள் காட்டினர். சமுதாய வழக்கொன்று அறிவின் கண்ணை மறைத்தமைக்கு இது சிறியதாயினும் தெளிவான சான்றாகும்.

பொதுமக்களிடையே இவ்வகைப் புதிர் பரவியதற்கு 1962 டிசம்பர் 17 ஆம் திகதி லைஃப் இன்டர்நாஷனல் இதழில் வெளிவந்த வரிக்குதிரைப் புதிர் பெரிதும் காரணமாயிற்று. ஒரே வரிசையில் ஐந்து வீடுகள், ஐந்து நாட்டினர், ஐந்து நிறம், ஐந்து பானம், ஐந்து புகைப்பொருள், ஐந்து வளர்ப்பு விலங்கு. தண்ணீர் அருந்துபவர் யார்? வரிக்குதிரை யாருடையது? நோர்வே நாட்டவர் முதல் வீட்டினர் என்பது ஒரு குறிப்பு; நடு வீட்டில் பால் அருந்தப்படும் என்பது மற்றொன்று; உக்ரேனியர் தேநீர் அருந்துபவர் என்பது இன்னொன்று. இதனை ஐன்ஸ்டைன் இயற்றினார் எனப் பலரும் கூறுவர். அதற்கு ஆதாரம் யாதுமில்லை. இன்று கைப்பேசிகளில் உலவும் புதிர்கள் பலவும் இதன் வழிவந்தனவே. தேநீர் அருந்துபவரின் வீட்டைக் கண்டறிந்த உலகம், அத்தேநீரைப் பறித்தவரின் வரிசை வீட்டை நினைத்ததில்லை.

ஐந்து நிரைகள்

விடுவிக்கும் முறையைத் தோட்டத்து வாழ்விலிருந்து அமைத்த எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். மலைச்சரிவில் இடமிருந்து வலமாக ஐந்து தேயிலை நிரைகள். அவற்றிற் கொழுந்து பறிக்க நிற்போர் முத்தம்மா, லெட்சுமி, பார்வதி, ராக்காயி, செல்லாயி என ஐவர். குறிப்புகள் நான்கு. முதலாவது, பார்வதிக்கு நடு நிரை. இரண்டாவது, முத்தம்மாவின் வலப்புறத்தை அடுத்த நிரை அவள் மகள் லெட்சுமிக்கு. மூன்றாவது, ராக்காயி ஓர நிரையில் நிற்கவில்லை. நான்காவது, செல்லாயியின் நிரை ராக்காயியின் நிரைக்கு வலப்புறத்தே எங்கேனும் இருக்கும்.

விதி எதுவுமில்லாதவழி ஐவரும் 120 முறையில் நிற்கலாம். முதற் குறிப்பு ஓரிடத்தை உறுதியாக நிறுத்துதலின் 24 முறை எஞ்சும். தாயும் மகளும் அடுத்தடுத்து நிற்க வேண்டுமாயின், நடு நிரை நிரம்பிவிட்டமையால், அவர்கள் முதலிரு நிரைகளையோ கடையிரு நிரைகளையோ மட்டுமே பெறலாம். எஞ்சிய இருவரும் எஞ்சிய ஈரிடங்களில் இருவகையாக நிற்கலாம். ஆக நான்கு முறை. ராக்காயி ஓரத்தில் இல்லை என்பதால் இரண்டாம் நிரை, நான்காம் நிரை என்பவற்றுள் ஒன்றே அவளுக்குரியது; இரண்டு முறை எஞ்சும். தாயும் மகளும் கடையிரு நிரைகளைப் பெற்றனர் எனக் கொண்டால் ராக்காயி இரண்டாம் நிரையிலும் செல்லாயி முதல் நிரையிலும் நிற்பர். அது நான்காம் குறிப்போடு முரணும். எனவே முத்தம்மா, லெட்சுமி, பார்வதி, ராக்காயி, செல்லாயி என்பதே வரிசை. 120 என்பது 24, 4, 2 எனக் குறுகி இறுதியில் ஒன்றாயிற்று.

இதிலிருந்து பெறப்படும் நெறிகள் மூன்று. இடத்தை உறுதி செய்யும் குறிப்பை முதலிற் கொள்ளுதல் வேண்டும். இணைத்து நிறுத்தும் குறிப்பை அடுத்துக் கொள்ளுதல் வேண்டும். இணையை ஓருருவாகக் கருதுதல் வேலையைச் சுருக்கும். விலக்கும் குறிப்பும் முன்பின் கூறும் குறிப்பும் எஞ்சிய கிளைகளை வெட்டுதற்குப் பயன்படும். குறிப்புகளைத் தந்த வரிசையிலேயே பற்றிச் செல்வோர் இடர்ப்படுவர். அவற்றின் வலிமையை நிறுத்துப் பார்த்துத் தொடங்குவோர் விரைவில் விடை காண்பர்.

அப்புத்தளையின் இருக்கைகள்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில், மலைமுகட்டின் மேல் அமைந்த ஊர் அப்புத்தளை. தெற்கே சமவெளி கடல்வரை விரிந்து கிடக்கும். வடக்கே ஊவாவின் மலைகள் அலையலையாய் எழும். காப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் இம்மலைகளில் தேயிலை பரவிற்று. நானுஓயா வரை 1885 இல் வந்த புகைவண்டிப் பாதை 1893 இல் அப்புத்தளையை அடைந்தது. 1924 இல் பதுளையில் முடிவுற்றது. தேயிலைப் பெட்டிகள் இறங்கவும் அரிசி மூட்டைகள் ஏறவும் அப்பாதை உதவியது. அவ்வண்டியிலும் இருக்கைகள் மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

கிளாஸ்கோ நகர வணிகரான தோமஸ் லிப்டன் 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டம் அவற்றுள் ஒன்று. அத்தோட்டத்தின் உச்சியில், தம் நிலங்களை நோக்கியபடி அவர் அமர்ந்த இடம் லிப்டன் சீட் என்று இன்றும் அழைக்கப்படுகின்றது. பயணிகள் அதனை நாடி ஏறுகின்றனர். உலகெங்கும் பெயர் பெற்ற இருக்கை அது. அதன் கீழே விரியும் பசுஞ்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக நின்றோர்க்குப் பெயர் பொறித்த இருக்கை யாதுமில்லை. அவர்களது தொழிலே நின்று செய்யும் தொழிலாகும்.

தோட்டம் என்பது துரை, கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி, தொழிலாளர் எனப் படிகளால் அமைந்த ஓர் ஒழுங்கு. ஒவ்வொருவர் நிற்கும் இடமும் வரையறைப்பட்டது. துரையின் பங்களா மேட்டில். தொழிலாளரின் லயங்கள் பள்ளத்தில். லயம் என்பது வரிசையாகக் கட்டிய அறைகளின் தொடர். பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. இரட்டை லயங்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. ஒரு சுவருக்கு இருபுறமும் இரு வாழ்க்கைகள். எக்குடும்பத்துக்கு எக்காம்பரா என்னும் வினா எழும்போது உறவும் சாதியும் கங்காணியின் கட்டும் விதிகளாயின. வரிக்குதிரைப் புதிரின் ஐந்து வீடுகளுக்கு ஐந்து நிறமுண்டு. லயத்தின் அறைகளுக்கு இலக்கம் மட்டுமே இருந்தது.

விடிகாலையில் தப்பு முழங்கியதும் தொழிலாளர் பிரட்டுக் களத்திற் கூடுவர். பெயர் பதியப்பட்டு வேலை பகிரப்படும். மலைக்குச் சென்றபின் கங்காணி ஒவ்வொருவருக்கும் நிரை பிடித்துக் கொடுப்பார். அவ்வாறு கொடுத்தல் எளிய செயலன்று. ஒரே மலையில் கொழுந்து செறிந்த நிரையும் மெலிந்த நிரையும் உண்டு. சமமான நிரையும் செங்குத்தான நிரையும் உண்டு. நாட்கூலிக்குரிய எடை நிறையாவிடில் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். ஆதலின் யாருக்கு எந்நிரை என்பது அன்றைய அடுப்பு எரியுமா என்பதோடு தொடர்புடைய வினாவாகும். நடுநிலையான கங்காணி எழுத்தறியாதவராயினும் வயது, வேகம், உடல்நிலை, முன்னாள் பெற்ற நிரை ஆகிய அனைத்தையும் மனத்திற் கொண்டே இப்புதிரை நாள்தோறும் விடுவிக்க வேண்டியிருந்தது. நடுநிலை தவறிய கங்காணியோ விருப்பு வெறுப்பினையே விதியாக்கினார். சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்த மலையக நாட்டார் பாடல்களில் கங்காணிமீது எழும் குமுறல்கள் பல இத்தகைய பகிர்வுகளின் பயனாய்ப் பிறந்தனவே.

யாப்பிலக்கணம் நிரை என ஓரசையைக் குறித்தது. தோட்டம் நிரை என ஒரு வாழ்வைக் குறித்தது. சொல் ஒன்றே, அதனை வகுத்தோர் வேறு.

சம ஆசனமும் மன்ற ஆசனமும்

இருக்கை என்பது மதிப்பின் குறி என்பதைத் தமிழர் வரலாறு பலமுறை உணர்த்தியுள்ளது. 1922 இல் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலத்தில் பிராமண மாணவர் சிலர் தனியே உணவருந்த இடமளித்தமை பெரும் பூசலாக வெடித்தது. வரதராஜுலு நாயுடு, ஈ. வெ. ராமசாமி முதலியோர் அதனை எதிர்த்தனர். தமிழ்நாட்டு அரசியலின் போக்கினையே அப்பந்தி வினா மாற்றியது எனல் மிகையாகாது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலைகளில் வாங்கில் அமர இடமின்றித் தரையில் இருத்தப்பட்டனர். 1920 களின் இறுதியில் அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டுமென வற்புறுத்தப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சமத்துவத்தின் பக்கம் நின்றது. ஒரு வாங்கு, அதில் ஒரு பிள்ளை. புதிரில் இது அரை நொடி வேலை. வரலாற்றில் அதற்குப் பல்லாண்டு தேவைப்பட்டது.

மலையகத்தின் இருக்கை வினா நாடாளுமன்றம் வரை சென்றது. 1931 இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. சோல்பரி யாப்பின் கீழ் 1947 இல் கூடிய பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர் 101 பேர். அவர்களுள் 95 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர், அறுவர் நியமனம் பெற்றோர். ஒவ்வொரு மாகாணத்துக்கும் மக்கள் 75,000 பேருக்கு ஓரிடம், நிலப்பரப்பு 1,000 சதுர மைலுக்கு ஓரிடம் எனக் கணக்கிடப்பட்டது. பரந்த நிலமும் தோட்டத்து மக்களும் கொண்ட ஊவா போன்ற மாகாணங்களுக்கு இவ்விதி நன்மை பயந்தது. அத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் வேட்பாளர் பலர் வெற்றி பெற்றனர். தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை மன்றம் சென்றதும் அப்போதே.

ஆயின் விதிகள் விரைவில் மாற்றப்பட்டன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்த ஒருவர் தம் தந்தை இலங்கையிற் பிறந்தமையையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையிற் பிறந்தமையையோ காட்டுதல் வேண்டும். லயத்திற் பிறந்து லயத்தில் மடிந்தோர்க்கு அத்தகைய பத்திரங்கள் ஏது? 1949 இல் இயற்றப்பட்ட 3 ஆம் இலக்கச் சட்டம் பதிவுவழிக் குடியுரிமைக்கு வாயில் ஒன்றைத் திறந்ததாயினும் அது மிகக் குறுகிய வாயிலாகவே இருந்தது. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமையற்றோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றிற்று. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலின்பின் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர் ஒருவரேனும் மன்றத்தில் இல்லை.

இங்கே நோக்கற்பாலது ஒன்றுண்டு. 1959 ஆம் ஆண்டில் தொகுதிகள் மீள வரையறுக்கப்பட்டபோதும் மாகாணத்தின் மொத்த மக்கள்தொகையே கணக்கிற் கொள்ளப்பட்டது. அதாவது, மாகாணத்துக்கு எத்தனை இருக்கை என எண்ணும்போது தோட்டத் தொழிலாளி ஓர் ஆளாக எண்ணப்பட்டார். அவ்விருக்கையில் யாரை இருத்துவது எனக் கேட்கும்போது அவர் ஆளாகவில்லை. இருக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டிய மக்களே அவ்விருக்கைகளுக்கு அயலாராயினர். புதிர் இயற்றுவோர் எவரும் இத்தகைய விதியை அமைக்கத் துணியார். விடையே அமையாது என அதனைத் தள்ளிவிடுவர்.

1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை எண்களாகப் பகுத்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. 150,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவதற்கு. 1974 இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். இருநாட்டிடையே இருத்தப்பட்ட மக்களிடம் ‘உமக்கு எவ்விடம் வேண்டும்’ என ஒப்பந்தம் எழுதுமுன் எவரும் கேட்கவில்லை. அப்புத்தளை, பண்டாரவளை, தியத்தலாவை நிலையங்களிலிருந்து குடும்பங்கள் பல புகைவண்டியேறித் தாயகம் திரும்பியோர் என்னும் புதுப்பெயரோடு கடல் கடந்தன. தாயையும் மகளையும் அடுத்தடுத்த நிரையில் நிறுத்தும் குறிப்பு அவ்வொப்பந்தத்தில் இல்லை. உடன்பிறந்தோர் இருகரையிலும் பிரிந்தனர்.

காலப்போக்கில் விதிகள் தளர்ந்தன. சௌமியமூர்த்தி தொண்டமான் 1960 இல் நியமன உறுப்பினராக மன்றம் புகுந்தார்; 1977 இல் மூன்று உறுப்பினர் தொகுதியாகிய நுவரெலியா மஸ்கெலியாவிலிருந்து மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1988 ஆம் ஆண்டிலும் 2003 ஆம் ஆண்டிலும் நிறைவேறிய சட்டங்கள் நாடற்றோராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கின. 1948 இல் எழுந்த வினாவுக்கு விடை காண ஐம்பத்தைந்து ஆண்டு சென்றது.

முடிவுரை

இருக்கைப் புதிர் சிந்தனையைக் கூர்மையாக்கும் என்பது பலரும் கூறுவதே. அதனினும் ஆழ்ந்த பயன் ஒன்று அதற்குண்டு. நல்ல புதிரொன்றுக்கு மூன்று இலக்கணம் வேண்டும். விதிகள் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கூறப்படுதல் வேண்டும். இடைநடுவே அவை மாறலாகாது. இறுதியில் இடமின்றி ஒருவரேனும் எஞ்சி நிற்றல் ஆகாது. இவ்விலக்கணங்களை ஊவாவின் வரலாற்றோடு வைத்து நோக்குவோர்க்கு எங்கெங்கே விதி மறைக்கப்பட்டது, எங்கே மாற்றப்பட்டது, யார் எஞ்சி நிற்க விடப்பட்டனர் என்பது தானே புலனாகும்.

புதிரில் வரும் மனிதர் பேசுவதில்லை. வைத்த இடத்தில் அமர்ந்திருப்பர். தோட்டத்து மக்கள் நெடுங்காலம் அவ்வாறே கருதப்பட்டனர். கங்காணி நிரை கொடுத்தார்; துரை லயம் கொடுத்தார்; அரசுகள் நாடு கொடுத்தன, நாடு பறித்தன. இன்று அம்மக்களின் வழித்தோன்றல்கள் கல்விக்கூடங்களிலும் பணித்தேர்வு மண்டபங்களிலும் தத்தமக்குரிய இருக்கையில் அமர்ந்து, வினாத்தாளில் வரும் இருக்கைப் புதிரை விடுவிக்கின்றனர். இருத்தப்பட்டோர் இருத்தும் விதிகளை ஆராய்வோராயினமை சிறிய மாற்றமன்று. லயக் காம்பராக்களில் வாழும் குடும்பங்கள் இன்றும் உள. வீட்டுக்கும் நிலத்துக்குமான உரிமை பலர்க்கு முழுமையாகக் கிட்டவில்லை. புதிரின் குறிப்புகள் இன்னும் சில எஞ்சியுள்ளன. அவற்றை வலிமை அறிந்து வரிசைப்படுத்தி, முரண்பட்டதை நீக்கி, எவரும் எஞ்சாதவாறு விடை காணுதல் வருந்தலைமுறையின் கடனாகும்.